விசுவாசத்துக்கு ரசீது கிடையாது

1

2025 செப்டம்பரில் அந்த அறிவிப்பு வந்த இரவு எங்கள் வாட்ஸப் குழு தூங்கவில்லை. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் குழு அது. பாதிப்பேர் அமெரிக்காவில், மீதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும். புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று செய்தி. இருக்கிற விசாவுக்கும் இது பொருந்துமா என்று முதல் சில மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவன் தாலி கட்டி முடிந்த கையோடு டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினான்.

அப்புறம் ஃபார்வேர்டுகள் வர ஆரம்பித்தன. நாம் எவ்வளவு வரி கட்டுகிறோம், எத்தனை கம்பெனிகளுக்கு நம் ஆட்கள் தலைமை தாங்குகிறார்கள், எத்தனை மருத்துவமனைகள் நம் டாக்டர்களை நம்பி ஓடுகின்றன. அதோடு மூன்று நிமிட வீடியோ ஒன்று. முதல் உலகப்போர், கையில் ட்ரோம்போனும் கிளாரினெட்டும் வைத்திருக்கும் கறுப்பினச் சிப்பாய்கள், கைதட்டும் பிரெஞ்சுக் கூட்டம். ‘ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற ரெஜிமெண்டின் பேண்ட். கடைசியில் ‘இசைக்கு எல்லை இல்லை’ என்று ஒரு வரி. அனுப்பியவன் கீழே எழுதியிருந்தான்: “இந்த பேண்ட்ல வெளியிலிருந்து வந்தவங்களும் இருந்தாங்கடா. இந்த நாட்டுக்காகச் சண்டை போட்டிருக்காங்க. இதைத்தான் நாம எடுத்துச் சொல்லணும்.”

நான் ‘இல்லை’ என்று டைப் பண்ணி, அழித்துவிட்டேன். பதற்றத்தில் இருக்கிறவனிடம் போய் வரலாறு பேசுவது அராஜகம். ஐந்து வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், ஒரு கடுதாசி வாழ்க்கையைத் தூக்கிப்போடும் பயம் எனக்கும் தெரியும். ஆனால் அன்று அழித்த ‘இல்லை’ உள்ளேயே கிடந்து உறுத்துகிறது. அதை இங்கே விரித்து எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் மறுப்பது ஒரே ஒரு வாதத்தை. ‘நாங்கள் உழைத்தோம், வரி கட்டினோம், உங்கள் போரில்கூடச் செத்தோம், ஆகவே எங்களை மனிதராக நடத்துங்கள்’ என்ற வாதம். இதற்குப் பங்களிப்பு வாதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதற்குச் சாட்சியாக அந்த பேண்ட்காரர்களைக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அவர்களுடைய கதை நேர் எதிர்ச்சாட்சி சொல்கிறது. வீடியோவில் வராத பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

2

ரஃபேல் ஹெர்னாண்டஸ் என்ற பெயரை நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். லத்தீன் அமெரிக்காவில் அவர் பாட்டைக் கேட்காத வீடு குறைவு. போர்ட்டோ ரீக்கோ தீவின் அகுவாடியா என்ற கடலோர ஊரில், ஏழை கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ட்ரோம்போன், கார்னெட், யூஃபோனியம், வயலின், கிதார், பியானோ எல்லாம் வாசிப்பார். அந்தத் தீவில் ஊருக்கு ஊர் நகராட்சி பேண்ட் இருந்தது. நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் ஒழுங்கான பயிற்சி அங்கே ஏழைப் பையன்களுக்கும் கிடைத்தது.

ஹெர்னாண்டஸ் சிறுவனாக இருந்தபோது, 1898இல், ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவு அமெரிக்காவின் கைக்குப் போனது. தீவுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அப்படியானால் அவர்கள் இப்போது யார்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1901இல் பதில் சொன்னது, அதுவும் ஓர் ஆரஞ்சுப் பழ வழக்கில். சான் ஹுவானிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் வந்த ஆரஞ்சுக்கு இறக்குமதி வரி போடலாமா என்பது வழக்கு. போடலாம் என்றது தீர்ப்பு. அதில் ஒரு நீதிபதி கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: போர்ட்டோ ரீக்கோ பன்னாட்டுச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடு கிடையாது, ஆனால் உள்நாட்டுப் பொருளில் அது வெளிநாடுதான். சட்டம் தெரிந்தவர்கள் இதை இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் போன்ற சாதாரண ஆளுக்குப் புரிவது இவ்வளவுதான்: மண் எங்களுடையது, நீங்கள் எங்களவர் இல்லை.

இப்போது மூன்று தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1917 மார்ச் 2, ஜோன்ஸ் சட்டம் போர்ட்டோ ரீக்கோக்காரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தது. ஏப்ரல் 6, அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. மே 18, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். ஆள் பிடிப்பதற்காகவே குடியுரிமை கொடுத்தார்கள் என்று சொல்வது மிகை என வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கட்டும். நோக்கம் எதுவானாலும், அந்தக் குடியுரிமை கொண்டுவந்த முதல் பெரிய உரிமை துப்பாக்கி தூக்கும் உரிமைதான். ஏறத்தாழ 18,000 பேர் படைக்குப் போனார்கள். ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு அப்போதும் இல்லை. தீவில் வசிப்பவர்களுக்கு இன்றும் இல்லை.

அந்த வசந்தகாலத்தில்தான் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் சான் ஹுவானில் வந்து இறங்கினார். நியூயார்க்கின் கறுப்பின இசைக்கலைஞர்களில் அன்று அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது. 1910இல் க்ளெஃப் கிளப் தொடங்கியவர், 1912இல் கார்னெகி ஹாலில் கறுப்பினக் கலைஞர்களின் பெரிய வாத்தியக் குழுவை மேடையேற்றியவர். நியூயார்க் மாநிலத்தின் கறுப்பினப் படைப்பிரிவான 15ஆவது ரெஜிமெண்டில் 1916இல் சேர்ந்திருந்தார். அதன் கர்னல் வில்லியம் ஹேவர்டு வெள்ளையர். படைக்கு ஆள் சேர வேண்டும், ஆள் சேர பேண்ட் வேண்டும் என்பது அவர் கணக்கு. ராணுவ விதிப்படி பேண்டுக்கு 28 பேர்தான். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று யூரோப் சொல்ல, ஹேவர்டு பணக்கார நண்பர்களிடம் போய் நின்றார். ஒரு தொழிலதிபர் 10,000 டாலர் கொடுத்தார்.

காசு வந்தது. கிளாரினெட் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் தேர்ந்த கறுப்பின ரீட் வாத்தியக்காரர்கள் குறைவு, இருந்த சிலருக்கும் நடன அரங்குகளில் நல்ல வருமானம், சிப்பாய்ச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள். நொட்டேஷன் தெரிந்த, சம்பளம் குறைந்தாலும் வரக்கூடிய ஆட்கள் போர்ட்டோ ரீக்கோவில் இருந்தார்கள். ஹெர்னாண்டஸ், அவர் தம்பி ஹெசூஸ் உட்பட ஏறத்தாழ 18 பேர் இப்படி அந்த பேண்டுக்கு வந்தார்கள்.

ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம். உள்ளூரில் ஸ்கில் பற்றாக்குறை, வெளியே பயிற்சி பெற்ற, விலை குறைந்த ஆள் தயார். 1917லேயே நம்ம கதைதான் ஓடியிருக்கிறது. ‘இசைக்கு எல்லை இல்லை’ என்பதன் நடைமுறை அர்த்தம், எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி குறைவு என்பது.

3

1917 அக்டோபரில் ரெஜிமெண்டைப் பயிற்சிக்காகத் தெற்கு கரோலைனாவின் ஸ்பார்ட்டன்பர்க்குக்கு அனுப்பினார்கள். கறுப்புப் படையை எங்கள் ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று அந்த ஊர் மேயர் ஆகஸ்டிலேயே வெளிப்படையாக எதிர்ப்புச் சொல்லியிருந்தார். பேண்ட் நகரத்தில் கச்சேரி செய்தது, மக்கள் ரசித்தார்கள். அதே நகரத்தில் பேண்டின் டிரம் மேஜர் நோபிள் சிஸில் செய்தித்தாள் வாங்க ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தபோது, தொப்பியைக் கழற்றவில்லை என்று அதன் உரிமையாளர் தொப்பியைத் தட்டிவிட்டு உதைத்து வெளியே தள்ளினார். லாபியில் இருந்த சிப்பாய்கள் ஹோட்டலையே உடைக்கக் கிளம்பினார்கள். யூரோப்தான் தடுத்து, எல்லோரையும் வெளியே அனுப்பினார். கொஞ்ச நாளில் ரெஜிமெண்டை அந்த ஊரைவிட்டு எடுத்துவிட்டார்கள்.

அதாவது ஒழுங்கு காத்தது உதை வாங்கியவர்கள் தரப்பு. இடம்மாற்றமும் அவர்களுக்கே.

நியூயார்க்கிலிருந்து ‘ரெயின்போ டிவிஷன்’ என்ற படை பிரான்ஸுக்குக் கிளம்பும் முன் நடந்த அணிவகுப்பில் தங்களையும் சேர்க்கும்படி ஹேவர்டு கேட்டிருந்தார். வானவில்லில் கறுப்பு என்று ஒரு நிறம் இல்லை என்பதே தமக்குக் கிடைத்த பதில் என்று அவர் பின்னால் சொன்னார்.

டிசம்பரில் கப்பலேறி, 1918 புத்தாண்டை ஒட்டி பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே பேண்ட் பிரான்ஸின் தேசிய கீதத்தை வாசித்தது. தாளம் வேறு மாதிரி விழுந்ததால் தங்கள் கீதம்தான் அது என்று புரிந்துகொள்ளவே பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அப்புறம்தான் விறைத்து சல்யூட் அடித்தார்கள். வீடியோக்காரர்களுக்குப் பிடித்த காட்சி இது. எனக்கும் பிடிக்கும்.

வீடியோ அங்கேயே வெட்டிவிடுகிறது. அடுத்து நடந்தது இது: சண்டை போட வந்த ரெஜிமெண்டை செயின்ட் நஸேர் துறைமுகத்துக்கு அனுப்பி, மூட்டை இறக்கவும் ரயில் பாதை போடவும் விட்டார்கள். பேண்டை மட்டும் தனியே பிரித்து எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பிப்ரவரி 12 நாந்த் நகரத்தில் கச்சேரி. பிறகு ஏய்-லே-பேன் என்ற மலையோர ஊரில், விடுப்பில் ஓய்வெடுக்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரக்கணக்கில் கச்சேரி.

ஒரே ரெஜிமெண்ட். கையில் வாத்தியம் இருந்தவனுக்குக் கைதட்டல், இல்லாதவன் தலையில் மூட்டை. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திச் சண்டை போட அமெரிக்கப் படை தயாராக இல்லை. கடைசியில் 1918 மார்ச்சில் அவர்களை பிரெஞ்சு ராணுவத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு ஹெல்மெட், பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சுத் தளபதிகள். ரெஜிமெண்டின் எண் 369 ஆனது. 191 நாட்கள் போர்முனையில் நின்றார்கள். ஏறத்தாழ 1,500 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் லெப்டினன்டாகவும் இருந்த யூரோப் விஷவாயுத் தாக்குதலில் மாட்டி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டு பாட்டு எழுதினார்.

‘தன் நாட்டுக்காகப் போரிட்டார்கள்’ என்று சொல்கிறோம். அவர்கள் நாடு அவர்களைத் தன் வரிசையில் நிற்கவே விடவில்லை. போதாக்குறைக்கு, 1918 ஆகஸ்டில் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஒரு ரகசியச் சுற்றறிக்கை போனது. அமெரிக்கக் கறுப்பின அதிகாரிகளோடு நெருங்கிப் பழகாதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் அவர்களை அதிகம் புகழாதீர்கள், வெள்ளையர் மனம் புண்படும் என்று அதில் இருந்தது. எழுதியது பிரெஞ்சு அதிகாரி, எழுதவைத்தது அமெரிக்கர்களின் மனப்போக்கு. டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அதைக் கைப்பற்றி 1919 மே மாதம் தன் ‘தி க்ரைசிஸ்’ பத்திரிகையில் வெளியிட்டார்.

இந்த டுபாய்ஸ்தான் 1918 ஜூலையில், போர் நடக்கும்வரை நம் தனிக் குறைகளை மறந்து வெள்ளைச் சக குடிமக்களோடு தோள்சேர்ந்து நிற்போம் என்று தலையங்கம் எழுதியவர். பங்களிப்பு வாதத்தை அவரைவிடப் படித்த, அவரைவிடக் கூர்மையான ஒரு மூளை முன்வைத்ததில்லை. பத்தே மாதத்தில், சுற்றறிக்கை வெளியான அதே இதழில், திரும்பி வரும் நாம் இனி இங்கேயும் சண்டை போடப்போகிறோம் என்று எழுதினார். அந்தப் பத்து மாதத்தில் அவர் கண்டது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

4

1919 பிப்ரவரி 17. ஃபிஃப்த் அவென்யூவில் 369ஆவது ரெஜிமெண்ட் அணிவகுத்து வந்தது. யூரோப்பின் பேண்ட் முன்னால். ஹார்லெம்வரை லட்சக்கணக்கில் கூட்டம். ரெஜிமெண்டுக்கு பிரான்ஸ் க்வா டி கேர் பதக்கம் கொடுத்திருந்தது. அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் எனக்கே மயிர்க்கூச்செறியும்.

அந்த ஆண்டின் கோடைக்கு வரலாற்றில் ‘சிவப்புக் கோடை’ என்று பெயர். சிகாகோ, வாஷிங்டன், ஆர்கன்சாவின் எலைன் என்று ஊர் ஊராகக் கறுப்பினத்தவர்கள் மீது வெறியாட்டம். போரிலிருந்து திரும்பியவர்களும் அடிபட்டார்கள். ஒற்றை ஆளாக ஒரு ஜெர்மன் சோதனைப்படையை எதிர்த்து நின்ற ஹென்றி ஜான்சன், இதே ரெஜிமெண்ட்காரர், 1929இல் இறந்துபோனார். அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் அவர் பெயருக்கு 2015இல் வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

யூரோப்பும் இல்லை. போர்முனையிலிருந்து உயிரோடு வந்தவர், 1919 மே 9 அன்று பாஸ்டன் கச்சேரி இடைவேளையில், தன் குழுவின் டிரம் கலைஞர் ஒருவரோடு எழுந்த வாக்குவாதத்தில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். இதில் எந்தத் தத்துவமும் இல்லை. இசை மனிதனை மென்மையாக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அந்தப் போரும் அந்த பேண்டும் ஹார்லெமுக்கு ஒரு நிமிர்வைக் கொடுக்கவில்லையா? பின்னால் வந்த கலை எழுச்சிக்கு, உரிமைப் போராட்டத்துக்கு அது விதையில்லையா? ஆம், கொடுத்தது. அதை மறுத்தால் நான் பொய்யன். ஆனால் அந்த நிமிர்வு யாருக்குள் நடந்தது என்று பாருங்கள். ‘இவ்வளவு செய்திருக்கிறார்களே’ என்று வெள்ளை அமெரிக்கா மனம் மாறவில்லை. ‘இவ்வளவு செய்தும் இப்படித்தானா’ என்று அவர்கள் மாறினார்கள். 1919இல் வாஷிங்டனிலும் சிகாகோவிலும் அடித்தவர்களைத் திருப்பி அடித்தவர்களில் போர் முடிந்து வந்த சிப்பாய்கள் இருந்தார்கள். பலன் கொடுத்தது விசுவாசம் தோற்ற இடத்தில் பிறந்த கோபம்.

5

‘அது கறுப்பினத்தவர் கதை, நம்ம விஷயம் வேற’ என்று குழுவில் ஒருவன் சொல்வான் என்று தெரியும். சரி, நம்ம ஆளையே எடுத்துக்கொள்வோம்.

பகத் சிங் திண்ட், பஞ்சாப்காரர், 1913இல் அமெரிக்கா போனவர். 1918இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். டர்பனோடு சேவை செய்து, நற்சான்றோடு வெளியே வந்தார். 1918 டிசம்பரில் சீருடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் பிடுங்கினார்கள். 1920இல் இன்னொரு நீதிமன்றத்தில் மறுபடி வாங்கினார். 1923இல் உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடிமகனாக முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களுடையதையும் பறித்தார்கள். அவர் படையில் இருந்தது தீர்ப்பை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

இதில் நாம் பேசத் தயங்கும் இன்னொன்று இருக்கிறது. நீதிமன்றத்தில் திண்ட் தரப்பு வைத்த வாதம் என்ன? நான் உயர்சாதி இந்து, ஆரியன், ஆகவே வெள்ளையன். சட்டமே தவறு என்று சொல்லவில்லை. சட்டம் போட்ட கோட்டுக்கு உள்ளே எனக்கும் ஒரு இடம் கொடு, மற்றவனை வெளியே வைத்துக்கொள் என்றார்கள். பங்களிப்பு வாதத்தின் உள்ளே இந்த அழுக்கு எப்போதும் உண்டு. எங்கள் குழுவில் அதன் இன்றைய வடிவம்: “நாம லீகலா வந்தவங்கடா. சுவர் ஏறிக் குதிச்சவனையும் நம்மளையும் ஒண்ணா வைக்கலாமா?”

இன்னும் கிட்டே வருவோம். 1899இல் போயர் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் காந்தி இந்தியர்களின் ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். பிரிட்டிஷ் குடிமகன் என்று உரிமை கேட்டால், பேரரசைக் காக்கும் கடமையும் உண்டு என்பது அவர் தர்க்கம். ஏறத்தாழ 1,100 பேர், அவர்களில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பங்கு சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள், நம் பாட்டன் பூட்டன்மார். குண்டு விழும் ஸ்பியான் காப் மலையிலிருந்து காயப்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து மைல்கணக்கில் தூக்கிச் சுமந்தார்கள். அன்றைய ராணுவங்களில் பேண்ட்காரர்களுக்கும் இதே வேலை உண்டு. சண்டை தொடங்கினால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டும்.

அதற்குப் பலன்? பதக்கங்கள் கிடைத்தன. ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் நட்டால் அரசு 1895இலேயே போட்டிருந்த 3 பவுண்டு தலைவரி அப்படியே நின்றது. 1906இல் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று கூடுதலாக ஒரு அவமானம் வந்தது. அந்த 3 பவுண்டு வரி எப்போது போனது? 1913இல் சுரங்கத் தொழிலாளிகளும் கரும்புத் தோட்டத் தொழிலாளிகளும் வேலையை நிறுத்தினார்கள். பெண்கள் சிறை போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் செத்தாள். அந்த ஆண்டு வரி ஒழிந்தது.

பள்ளிப் பாடத்தில் வள்ளியம்மையைப் படித்தோம். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கியதற்கு அந்த வரி போகவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்ததற்குப் போனது.

இது பழங்கதை இல்லை. 2008இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மாவ்னி என்று ஒரு திட்டம் அறிவித்தது. தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவர் ராணுவத்தில் சேரலாம், விரைவாகக் குடியுரிமை கிடைக்கும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பத்தாயிரம் பேருக்கும் மேல் சேர்ந்தார்கள். 2016இல் திட்டத்தை நிறுத்திவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைப் பாதுகாப்புச் சோதனை என்று வருடக்கணக்கில் தொங்கவிட்டார்கள். 2018இல் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். காத்திருந்ததில் சிலருக்கு விசாவே காலாவதியானது. எங்கள் குழு கேட்கும் ‘நம்ம பங்களிப்புக்கு ஒரு மரியாதை இல்லையா?’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான அரசாங்கப் பதில் தேவையில்லை.

6

நான் ஹெர்னாண்டஸைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் வந்தது, ஊர் பார்த்தார், யூரோப் போன்ற ஒரு மேதையின் கீழே வாசித்தார். ஏழை வீட்டுப் பையன் பேண்டில் சேர்வதை ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு விமர்சிப்பது கேவலம். எச்-1பியில் போகிறவனையும் நான் விமர்சிக்கவில்லை, நானே போனவன்தான். பிழைக்கப் போவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் கோபம், அந்த வாழ்க்கையை எடுத்து விண்ணப்பப் படிவத்தோடு பின் செய்கிறவர்கள் மீது. ‘பாருங்கள், எங்களில் வீரன் இருக்கிறான், மேதை இருக்கிறான்’ என்று நீட்டும்போது, வீரனும் மேதையுமாக இல்லாதவன் என்ன ஆகிறான்? ட்ரோம்போன் வாசிக்கத் தெரியாமல் செயின்ட் நஸேரில் மூட்டை இறக்கியவன்? மகள் பிரசவத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அம்மா? ஹோட்டல் பின்கட்டில் பாத்திரம் கழுவும், பேப்பர் இல்லாத ஆள்? பயன்படுகிறவனுக்குத்தான் மரியாதை என்று நாமே எழுதிக் கொடுத்தபின், பயன் முடிந்த நாளில் வெளியே போ என்று சொன்னால் எதிர்க்க எந்த வார்த்தை மிச்சம் இருக்கும்? லே-ஆஃப் ஆன அறுபது நாளில் அதைத்தானே சொல்கிறார்கள்.

இதை அங்கே மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பயந்துபோனவர்கள் ரயிலேறினார்கள். அப்போது அவர்களுக்குப் பரிந்து நாம் என்ன பேசினோம் என்று நினைவிருக்கிறதா? ‘அவங்க இல்லைன்னா திருப்பூர் படுத்துரும்’, ‘ஹோட்டல்ல டேபிள் துடைக்க ஆள் கிடையாது’, ‘மெட்ரோ பாலம் யாரு கட்டினா?’ நல்ல மனசோடுதான் சொன்னோம். நானும் சொன்னேன். பாலம் கட்டாவிட்டாலும் சென்ட்ரலில் இறங்கிய ஒரு மனிதனை யாரும் அடிக்கக் கூடாது என்ற ஒற்றை வரி நம் வாயில் வரவில்லை. அந்த வரி நமக்கே வரவில்லை என்றால், டெக்சாஸ்காரன் வாயில் எப்படி வரும் என்று எதிர்பார்க்கிறோம்?

அப்போ என்னதான் செய்யச் சொல்றே என்று கேட்பீர்கள். முதலில் அந்தப் பட்டியலை நிறுத்தலாம். வரி, சி.இ.ஓ., டாக்டர், சிப்பாய், பேண்ட்காரன் என்று விசுவாசத்தின் கணக்கை நீட்டுவதை நிறுத்தலாம். அடுத்து, நம்மைவிட மோசமான பேப்பரோடு இருப்பவன் பக்கத்தில் போய் நிற்கலாம். நம் விசாவைக் காப்பாற்ற அவனைக் கைகாட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நட்டாலில் வரி ஒழிந்தது, வரி கட்டத் தேவையில்லாத வியாபாரி வீட்டுப் பெண்ணும் கட்ட முடியாத கூலியும் ஒரே சிறைக்குப் போனபோதுதான்.

7

ஹெர்னாண்டஸ் பிழைத்தார். போருக்குப் பின் நியூயார்க், அப்புறம் ஹவானா, மறுபடி நியூயார்க். 1929இல் அங்கே ஒரு பாட்டுப் போட்டார், ‘லமென்டோ போரின்கானோ’. பிறகு மெக்சிகோவில் பல வருடம். 1937இல் ‘ப்ரெசியோசா’ என்ற பாட்டில் தன் தீவைக் கொஞ்சும்போதே அதை வதைக்கும் கொடுங்கோலனைப் பற்றியும் எழுதினார். அந்தக் கொடுங்கோலன் யார் என்று தீவில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1947இல் ஊர் திரும்பினார். 1961இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடி அவரை, அவருடைய ஒரு பாட்டின் பெயராலேயே, ‘மிஸ்டர் கும்பான்செரோ’ என்று வரவேற்றாராம். எல்லோரும் ரசித்துச் சொல்லும் சம்பவம். கைகுலுக்கிய அந்த ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த தேர்தலில், போர்ட்டோ ரீக்கோவில் வாழ்ந்த ஹெர்னாண்டஸ் ஓட்டுப் போட்டிருக்க முடியாது. அவர் அந்த நாட்டின் குடிமகன், அந்த நாட்டுப் படையில் உலகப்போருக்குப் போய் வந்தவர். 1965இல் இறக்கும்வரை அந்த ஓட்டு அவருக்கு வரவில்லை.

1929இன் அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரு குடியானவன் விளைச்சலை ஏற்றிக்கொண்டு காலையில் சந்தோஷமாகச் சந்தைக்குப் போகிறான். விற்ற காசில் வீட்டுக்கு என்னென்ன வாங்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போடுகிறான். சந்தை வெறிச்சோடிக் கிடக்கிறது, வாங்க ஆள் இல்லை. சரக்கோடு திரும்பி வருகிறான்.

அந்த இரவு ஏர்போர்ட்டுக்கு ஓடிய நண்பன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். குழுவில் இப்போது கிரிக்கெட் பேசுகிறோம். அடுத்த அறிவிப்பு வரும்போது அந்த வீடியோ மறுபடி வரும். இந்தத் தடவை நான் பதிலை அழிக்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையின் லிங்க்கைப் போட்டுவிட்டு, திட்டு வாங்கத் தயாராக இருப்பேன்.